லைட்டைப் போடு, கேக்கல

எங்கள் தாத்தாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று வீட்டில் முடிவானது ஒரே ஒரு வாக்கியத்தால். 2019 கோடை. செல்லூர் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் படுத்திருந்தோம். இரவு வேலை முடிந்து வந்த சித்தப்பா வாசலில் நின்றபடியே வண்டிச் சாவியைப் பற்றி ஏதோ கேட்டார். தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ரொம்ப நிதானமாகச் சொன்னார்: “லைட்டைப் போடுப்பா, நீ பேசுறது கேக்கல.”

முதலில் அப்பத்தா சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அதைத் தெருவில் சொல்லிச் சிரித்தோம். ஒரு வாரம் கழித்து அத்தை போனில், “சிரிக்கிற விசயமாடா இது? லைட்டைப் போட்டா காது கேக்குமா? டாக்டர்ட்ட காட்டுங்கடா” என்றார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தன, அதாவது அறிகுறிகள் என்று பின்னால் நாங்கள் சேர்த்துக்கொண்டவை. “மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டால், “மாட்டுத்தாவணிக்கு நான் எதுக்குப் போகணும்?” என்பார். காலையில் சொன்னதைச் சாயங்காலம் சொல்லவே இல்லை என்பார். கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரிப்பார். கேள்வி கேட்டால் கேள்விக்குப் பொருந்தாத பதிலைச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். பதில் தப்பு என்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

2021 ஜனவரியில் நான்தான் அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கொரோனா காலம். வீட்டிலிருந்து வேலை என்று நான் மதுரைக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு இளம்பெண் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஞாபகச் சோதனை நடத்தினார். பொறுமையான பெண், குரலில் எரிச்சலே இல்லை. முகத்தில் மாஸ்க், அதன் மேல் பிளாஸ்டிக் தடுப்பு. ஜன்னல் பக்கம் ஒரு பெரிய மின்விசிறி. மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். தாத்தா இரண்டைச் சொன்னார். ஒன்று தப்பு. சிறிது நேரம் வேறு கேள்விகள். பிறகு அந்த மூன்று சொற்கள் என்ன என்று கேட்டார். தாத்தா என்னைப் பார்த்தார். நானும் மாஸ்க் போட்டிருந்தேன்.

ஒரே ஒரு கேள்வியில் தயக்கமே இல்லை. “என்னைப் பாருங்க, நான் செய்ற மாதிரி செய்யுங்க” என்று சைகை காட்டி அந்தப் பெண் கண்ணை மூடினார். தாத்தாவும் மூடினார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்தது அது ஒன்றுதானே.

மறதி நோயின் ஆரம்பம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த 20 மாதம் நாங்கள் அவரை அந்தத் தாளாகத்தான் பார்த்தோம்.

*

தாத்தாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். தெரிந்த மற்றதெல்லாம் காதால் வந்தது. பதினாறு வயதில் குழித்தறியில் உட்கார்ந்தவர், பின்னாளில் செல்லூரிலேயே ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மாறி, 2001 வரைக்கும் அங்கேதான் இருந்தார். ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை, எட்டுத் தறி. நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்ந்து அடிப்பது நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். அப்படி எட்டுத் தறியும் ஒன்றோடொன்று சேராமல் அடிக்கும். சின்ன வயதில் நான் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். வாசலிலேயே சத்தம் நெஞ்சில் வந்து மோதும். உள்ளே யாரும் கத்திப் பேசிக்கொள்வதில்லை என்பது அப்போதே எனக்கு ஆச்சரியம். பேசிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் வாயை மட்டும் அகலமாக, மெதுவாக அசைப்பார்கள். தார் தீர்ந்துபோச்சு, ஊடை அறுந்துபோச்சு, டீ வந்துருச்சு, எல்லாம் உதட்டிலேயே நடக்கும்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி மில்களின் பெண்கள் இதே மாதிரி பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு அங்கே ‘மீ-மா’ என்று ஒரு பெயரே உண்டு. செல்லூரில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தால், ‘லைட்டைப் போடு, கேக்கல’ என்பதன் அர்த்தம் எங்களுக்கு அன்றைக்கே விளங்கியிருக்கலாம். முப்பது வருடமாக உதட்டைப் பார்த்துக் கேட்டவர் அவர். இருட்டில் உதடு தெரியாது. உலகத்தில் இதைவிடத் தெளிவான வாக்கியம் ஒன்று இருக்க முடியாது. அதை வைத்துத்தான் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டினோம்.

இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1886-இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கப்பல் கட்டும் தளங்களில் கொதிகலன் அடிக்கும் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். அவரிடம் இருந்த கருவி ஒரு பாக்கெட் வாட்ச். அதன் டிக் டிக் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று அளந்தார். நூறு பேரில் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. ஒப்பிடுவதற்காக அவர் எடுத்துக்கொண்டவர்களில் தபால்காரர்களும் உண்டு. ‘பொதுக்கூட்டத்தில் பேசுவது உனக்குக் கேட்கிறதா?’ என்று அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் நல்ல கேள்வி. கொதிகலன்காரர்களில் பெரும்பாலானோருக்குக் கேட்கவில்லை.

பார் இதை எழுதி ஆறு வருடம் கழித்து, 1892-இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நூற்பாலையைத் தொடங்கினார்கள். மில்லின் சங்குச் சத்தத்தை வைத்து ஊரே நேரம் பார்த்தது, தொழிலாளர் குடியிருப்புக்கு ஹார்விபட்டி என்று பெயர் வந்தது. மதுரை எந்திரச் சத்தத்தோடு வாழப் பழகியது அப்படித்தான். பெரிய ஆலைகளுக்காவது சட்டம் என்று ஒன்று வந்தது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில், இரைச்சலால் வரும் காது கேளாமையும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. எட்டுத் தறி, நாலு ஆள், தார் சுத்த ரெண்டு பெண்கள். தாத்தா முப்பது வருடம் வேலை பார்த்த இடம் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்லியா இருக்கிறது. அதில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். ஒலியின் அசைவை நரம்பின் மொழிக்கு மாற்றுபவை அவை. பிறக்கும்போது வருவதோடு சரி, செத்தால் மறுபடி முளைக்காது. உயர்ந்த சுருதிக்கான செல்கள் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, அவைதான் முதலில் போகின்றன. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன, பலமும் அவற்றுக்குத்தான். க, ச, த, ப போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது மெல்லிய, உயர்ந்த சுருதிகள். அதனால் வயதானவருக்குப் பேச்சு ‘கேட்கும்’. ஆள் பேசுவது தெரியும், கோபமா பாசமா என்பது தெரியும், ‘மா’ என்று தொடங்கியது தெரியும். மீதியை அவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். மாத்திரை, மாட்டுத்தாவணி.

*

முதுமையில் காது என்ன ஆகிறது, ஞாபகம் என்ன ஆகிறது, இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்தார். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் பிரான்சிஸ் கால்டன். 1876 வாக்கில் அவர் மிக உயர்ந்த சுருதி தரும் சிறிய ஊதல் ஒன்றைச் செய்தார். அதைக் கைத்தடியின் முனையில் பொருத்திக்கொண்டு மிருகக்காட்சிச் சாலையில் சிங்கத்துக்குப் பக்கத்தில் ஊதிப் பார்த்தார், லண்டன் தெருக்களில் நாய்கள் திரும்புகின்றனவா என்று பார்த்தார். மனிதர்களிடம் ஊதியபோது, வயதாக ஆக உயர்ந்த சுருதிகள் காணாமல் போவதைக் கவனித்தார். அதைவிட முக்கியமான ஒன்றையும் கவனித்தார்: போனது போனவருக்குத் தெரிவதில்லை. பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஊதினால், சின்னப் பையன்களுக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்று அறியும் கிழவர்களுக்குக் கோபம் வருகிறது என்று கொஞ்சம் குறும்போடு எழுதியிருக்கிறார்.

அதே கால்டன் 1879-இல் தன் ஞாபகத்தையே சோதித்துப் பார்த்தார். 75 சொற்களைத் தாள்களில் எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் பார்த்த கணத்தில் மனதில் என்ன வருகிறது என்று குறித்தார். இதையே இடைவெளி விட்டு நான்கு முறை செய்தார். வந்த நினைவுகளில் காலம் கண்டுபிடிக்க முடிந்தவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு சிறுவயதையும் இளமையையும் சேர்ந்தவை. சமீபத்தியவை மிகக் குறைவு. அப்போது அவருக்கு 57 வயது.

ஊதலும் சொற்சோதனையும் 1883-இல் வந்த அவருடைய ஒரே புத்தகத்தில் வெவ்வேறு அத்தியாயங்களாக இருக்கின்றன. இரண்டையும் அவர் இணைக்கவில்லை. (அந்தப் புத்தகத்தில்தான் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லையும் உருவாக்கினார். ஒரே மண்டையில் இவ்வளவு கூர்மையும் இவ்வளவு கேடும் எப்படிக் குடியிருந்தன என்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.) கால்டனுக்குப் பிறகு வந்தவர்களும் வெகுகாலம் இணைக்கவில்லை. காது ஒரு துறைக்குப் போனது, ஞாபகம் இன்னொரு துறைக்குப் போனது. இன்றைக்கும் பெரிய மருத்துவமனைகளில் காது ஒரு மாடி, நரம்பு ஒரு மாடி. தாத்தாவை நாங்கள் லிஃப்டில் தவறான மாடிக்குக் கொண்டுபோனோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு மாடி தேவைப்பட்டது.

கால்டனின் ஊதலை எடுத்துக்கொண்டு 1890-களில் நெதர்லாந்தின் ஸ்வார்டெமேக்கர் வயதுவாரியாக முறையாக அளந்தார். முதுமைச் செவிக்கு அவர் வைத்த பெயர், முதுமைக் கண்ணுக்கு ஏற்கெனவே இருந்த மருத்துவப் பெயரை அப்படியே காதுக்குத் திருப்பியது. தமிழில் முதுமைக் கண்ணுக்கு அழகான சொல் இருக்கிறது, வெள்ளெழுத்து. எங்கள் பக்கத்தில் சாளேசுரம் என்றும் சொல்வார்கள். நாற்பது வயதில் வரும், கண்ணாடி போடுவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காதுக்கு அப்படி ஒரு சொல்லை நான் தேடிப் பார்த்தேன். செவிடு என்பது மட்டும்தான் இருக்கிறது. அது நோயின் பெயராக இருப்பதைவிட வசையாக இருப்பதுதான் அதிகம்.

வயசானால் காது போகும், அது இயற்கை என்ற எண்ணத்தையும் ஒருவர் போய்ச் சோதித்திருக்கிறார். நியூயார்க்கின் காது அறுவை மருத்துவர் சாமுவேல் ரோசன் 1960-களின் தொடக்கத்தில் சூடானின் தென்கிழக்கில் மபான் மக்களிடம் போனார். எந்திரச் சத்தமே இல்லாத கிராமங்கள். அங்கே எழுபது வயதுக்காரர்களின் காது, அமெரிக்க நகரங்களில் வாழும் அதே வயதினரின் காதைவிட வெகு நன்றாக இருந்தது. சத்தம் மட்டும்தான் காரணமா, உணவும் ரத்த அழுத்தமும் சேர்ந்தா என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. வயதுக்குப் பங்கு இல்லாமலும் இல்லை. ஆனால் முதுமை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் ஒரு மனிதன் பார்த்த வேலையும் அடங்கியிருக்கிறது.

*

இனி அந்த நடு மாடி.

1953-இல் காலின் செரி என்ற மின்னணுப் பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார்: விருந்துக் கூட்டத்தில் ஐம்பது பேர் பேசும்போது ஒருவர் பேச்சை மட்டும் எப்படிப் பின்தொடர்கிறோம்? அவர் ஆராய்ந்தது இளம் காதுகளை. ஆனால் வயதானவர்கள் முதலில் இழப்பது இந்தத் திறமையைத்தான். தனியறையில் ஓரளவு சமாளிப்பவர் கல்யாண மண்டபத்தில் காணாமல் போவார். மதுரையில் இது கூடுதல் கஷ்டம். மதுரைக்காஞ்சி காலத்திலேயே பகல் கடை, ராக்கடை என்று இரண்டு வேளையும் சத்தம் போட்ட ஊர் இது. சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் நின்று பக்கத்து ஆளிடம் வழி கேட்டுப் பாருங்கள், இருபத்தைந்து வயதுக் காதே திணறும்.

ஏன் திணறுகிறது என்பதில் காதுக்குப் பாதிப் பங்குதான். 2009-இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளிடம் கண்டது இது: கடும் இரைச்சலுக்குப் பிறகு செவித்திறன் அளவில் பழையபடி திரும்பிவிடுகிறது, மயிர்ச் செல்களும் பிழைத்திருக்கின்றன, ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் பெரும்பகுதி நிரந்தரமாகப் போய்விடுகிறது. அமைதியான அறையில் ‘பீப்’ கேட்கிறதா என்று வைக்கும் சோதனையில் இது தெரியாது. வயதோடு மூளைக்குள் ஒலி போகும் பாதையின் நேரத் துல்லியமும் குறைகிறது. ஆக, மூளைக்கு வருவது ஓட்டை விழுந்த, கொஞ்சம் கலங்கிய பேச்சு.

அந்த ஓட்டைகளை நிரப்ப எதைச் செலவழிக்கிறோம் என்று காட்டியவர் பேட்ரிக் ராபிட். 1968-இல் அவர் செய்த பரிசோதனை எவ்வளவு எளிமையானது என்று நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எண்களின் பட்டியலைக் கேட்கவைத்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். பட்டியலின் முதல் பாதி தெளிவாக இருக்கும். பின்பாதியில் இரைச்சல் கலந்திருக்கும், ஆனால் எண் என்ன என்று கண்டுபிடிக்க முடிகிற அளவுக்குத்தான். முடிவில், எல்லோரும் மறந்தது தெளிவாகக் கேட்ட முதல் பாதியை. பின்னால் வந்ததைக் காதில் வாங்கப் பட்ட பாடு, முன்னால் வந்ததைப் பத்திரப்படுத்த வேண்டிய சக்தியைத் தின்றுவிட்டது. 1991-இல் அவரே முதியவர்களிடம் இதைத் தொடர்ந்து பார்த்தார். லேசான செவிக்குறைபாடு உள்ளவர்கள் சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள், அதாவது கேட்டார்கள். பிறகு கேட்டபோது அதில் பலவற்றை மறந்திருந்தார்கள். அது ஞாபகக் குறைபாடு போலத் தோன்றுகிறது என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லியிருந்தார்.

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. என் வேலையில் தினமும் செய்வது இதுதான்: ஒரு கணினி தகவலைத் தொலைக்கிறது என்று புகார் வந்தால், சேமிப்பகத்தைத் திறப்பதற்கு முன்னால் தகவல் ஒழுங்காக உள்ளே வந்ததா என்று பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆபீசில் இதைத் தூக்கத்தில்கூடச் செய்பவன், வீட்டில் ஒரு மனிதரிடம் செய்யவில்லை. மூன்று சொற்களில் ஒன்றை அவர் முதல் தடவையே தப்பாகச் சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் மறக்கவில்லை, அது அவரிடம் வந்து சேரவே இல்லை. மற்ற இரண்டும் வந்து சேர்வதிலேயே களைத்துப்போயின.

அந்தச் சோதனையை நடத்தியவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. அதன் முன்னோடி 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் பால் மெக்ஹ்யூவும் உருவாக்கியது. அதில் எழுதவும் படிக்கவும் சொல்லும் பகுதிகள் இருந்தன. எழுத்தறியாதவர்கள் அதில் தோற்பார்கள் என்பதால், 1990-களில் ஹரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலியின் குழு அதை இந்தியக் கிராமத்துக்கு ஏற்ப மாற்றி 1995-இல் வெளியிட்டது. வாக்கியத்தைப் படித்துக் கண்ணை மூடு என்பதற்குப் பதிலாக, என்னைப் பார்த்துச் செய் என்று கண்ணை மூடிக் காட்டுவது அவர்கள் கொண்டுவந்த மாற்றம். 10/66 என்ற ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய், படிக்காதவர்களுக்கு அநியாயம் நடக்காத அளவுகோல்களைத் தேடியது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். பெரிய வேலை, நேர்மையான வேலை. ஆனால் எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காது. படிக்காதவருக்கான சோதனையில் பெரும்பகுதி வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குவது. எழுத்தும் இல்லாமல் காதும் போன ஒரு நெசவாளி அதில் எங்கே நிற்பார்?

2023-இல் வெளியான ஒரு தேசிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. அவர்களெல்லாம் காது கேட்காதவர்கள், நோயே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உண்மை அதைவிடச் சிக்கலானது. 2011-இல் ஃபிராங்க் லின் குழு பால்டிமோரில் 639 பேரைச் சுமார் 12 வருடம் தொடர்ந்து பார்த்தது. செவிக்குறைபாடு லேசாக இருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தரமாக இருந்தவர்களுக்கு மூன்று மடங்கு, கடுமையாக இருந்தவர்களுக்கு ஐந்து மடங்கை நெருங்கியது. கேட்காத காது மறதியைப் போல வேஷம் போடுவதோடு நிற்கவில்லை, நிஜ மறதிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. மூளை கேட்பதிலேயே தேய்ந்துபோகிறதா, பேச்சுத் துணை இல்லாத தனிமை காரணமா, இரண்டையும் கெடுக்கும் மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2024-இல் லான்செட் ஆணையம், தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் செவிக்குறைபாட்டை முன்வரிசையில் வைத்தது.

அப்படியென்றால் காதுக் கருவி மாட்டினால் மறதி தள்ளிப்போகுமா? 2023-இல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையான 977 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்த ஒரு பிரிவில் மட்டும், மூளைத்திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. விளம்பரங்கள் இரண்டாவது வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும். நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

*

தாத்தாவின் கண் நன்றாக இருந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது மதுரை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, முடக்குவாதத்தில் முறுக்கிக்கொண்ட விரல்களோடு 11 படுக்கைகளில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, கிழவன் கிழவிகளைப் பஸ்ஸில் ஏற்றி வந்து கண்புரை எடுத்து, பச்சைத் துணி கட்டித் திருப்பி அனுப்பினார்கள். இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகாது என்றதும் 1992-இல் அவர்களே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். தாத்தாவுக்கும் ஒரு முகாம் வழியாகத்தான் இரண்டு கண்ணும் ஆனது. உதட்டைப் படிக்க அவருக்குக் கிடைத்த பத்து வருடம் அந்த அறுவையால் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அதே 1976-இல்தான் மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் தொடங்கியது. காது கேளாமைக்கான தேசியத் திட்டம் வந்தது 2006-இல். முப்பது வருட இடைவெளி. இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கண்புரை சில நிமிட வேலை, மறுநாள் கட்டைப் பிரித்தால் பேரன் முகம் தெரியும். காது அப்படி இல்லை. கருவி மாட்டிய முதல் நாள் உலகம் தெளிவாவதில்லை, சத்தமாகிறது. வருடக்கணக்காகக் கேட்காத சத்தங்களை மறுபடி பிரித்தறிய மூளைக்கு மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும், அளவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய ஆள் வேண்டும். பஸ்ஸில் ஏற்றி வந்து ஒரே நாளில் முடிக்கிற காரியமில்லை.

எங்களுக்கு இது தெரியாது. 2022 மார்ச்சில், ஏதோ சந்தேகத்தில், ஒரு கடையில் கருவி வாங்கி மாட்டினோம். தட்டு விழுந்தால் திடுக்கிட்டார். மின்விசிறி, பாத்திரம், தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் ஒரே உயரத்தில் காதுக்குள் புகுந்தன. “தறிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குடா” என்றார். மூன்றாவது வாரம் கழற்றி வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை. மறதிக்காரருக்கு இதெல்லாம் பிடிபடாது என்று விட்டுவிட்டோம்.

ஆனால் பிடிபட்ட ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். டி.எம்.எஸ். பாட்டு. டீக்கடையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை. என் போனை அவர் காதோரம் வைத்துப் பழைய பாட்டு ஒன்றைப் போட்டால், பல்லவி வருவதற்கு முன்பே முன்னிசையில் அவர் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போடும். அடுத்த சரணத்தின் முதல் சொல் அவர் வாயிலிருந்து அரை நொடி முன்னால் வரும். பாட்டு ஞாபகத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் கடைசிவரை அதிகம் சேதமாகாமல் இருப்பதாக 2015-இல் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. அதனால் அந்தத் தாளம் அவருக்கு நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கால்டனின் ஐந்தில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். ஆழமான ஆண்குரல், தாழ்ந்த சுருதி, மனப்பாடமான வரிகள். ஓட்டைகளை நிரப்ப அங்கே செலவே இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த பாட்டு வெளியே கேட்டது.

2022 செப்டம்பரில் தாத்தா இறந்தார். அவருக்கு மறதி நோய் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வெளிச்சத்தில், எதிரில் உட்கார்ந்து, உதடு தெரிய, மெதுவாக அந்த மூன்று சொற்களை யாரும் அவருக்குச் சொல்லிப் பார்க்கவில்லை. இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அப்பாவுக்கு இப்போது 66 வயது. டிவி சத்தத்தை 40-இல் வைக்கிறார். போன மாதம், ரத்தச் சோதனைக்கு என்று பொய் சொல்லிக் காதுச் சோதனைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தும் சோதனை. கோடு 2,000 வரைக்கும் சுமாராகப் போய், 4,000-இல் சரேலென்று பள்ளத்தில் விழுந்து, கொஞ்சம் ஏறியது. இரண்டு காதிலும்.

“சத்தமான இடத்துல வேலை பாத்தீங்களாய்யா?” என்று அந்தப் பையன் கேட்டான்.

“நான் கூட்டுறவு பேங்க்ல இருந்தேன் தம்பி” என்றார் அப்பா. வண்டியில் வரும்போதுதான், கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கையில், பின்னாலிருந்து சொன்னார்: “ப்ளஸ் டூ முடிச்சிட்டு ஒரு நாலு வருசம் தாத்தாவோட தறிக்குப் போனேன்ல.” நான் திரும்பி, ஹெல்மெட்டைக் கழற்றி, கருவி வாங்கலாமா என்று கேட்டேன். தீபாவளி முடியட்டும் பார்க்கலாம் என்றார்.